‘தடை செய்யப்பட்ட பகுதி’: பலகையை வைப்பது யார்... எடுப்பது யார்? ஒகேனக்கல் முதல் அரூர் வரை ஒரு பார்வை

ஜூலை பிறந்தால் போதும். ‘ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை’ என்ற நோட்டிஃபிகேஷன் போனில் வந்து விழும். கொஞ்ச நாளில் ‘தடை நீக்கம்’. அதற்கடுத்து ‘மீண்டும் தடை’. வீக் எண்ட் பிளான் போட்டு வைத்திருந்தவர்கள் வண்டியை ஏற்காடு பக்கம் திருப்பிவிடுவார்கள். அவர்களுக்கு விஷயம் அதோடு முடிந்தது.

கரையில் இருப்பவர்களுக்கு அப்படி முடியாது. பரிசல் ஓட்டிகள், எண்ணெய் மசாஜ் செய்கிறவர்கள், வாங்கிக் கொடுத்த மீனைக் குழம்பு வைத்துப் பொரித்துத் தரும் பெண்கள் என ஒகேனக்கல்லை நம்பி இருக்கும் பெரும்பாலானோருக்கு வருமானம் அன்றாடக் கணக்குதான். தடை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை.

அதற்காகத் தடையே தப்பு என்று சொல்ல முடியாது. 2022 ஆகஸ்ட்டில் இங்கே நீர்வரத்து விநாடிக்கு 2 லட்சம் கன அடியைத் தாண்டியது. ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். அப்படியென்றால் ஒரு விநாடிக்கு 56 லட்சம் லிட்டருக்கும் மேல். 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரிகள் 470 ஒரே விநாடியில் உங்களைக் கடந்து போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பரிசலை இறக்க யாரும் கேட்கப் போவதில்லை. சாதாரண நாளிலேயே ஆபத்து உண்டு. 2015-ல் சுற்றுலா வந்த குடும்பத்தினர் சென்ற பரிசல் கவிழ்ந்து உயிரிழப்பு நேர்ந்தது இங்கேதான்.

இந்தத் தடையில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் தண்ணீர் திறக்கிறார்கள். மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அதை அளக்கிறது. அந்த எண் ஏறினால் மாவட்ட நிர்வாகம் தடை போடுகிறது. இறங்கினால் எடுக்கிறது. எண்ணை நீங்களும் பார்க்கலாம், பரிசல் ஓட்டியும் பார்க்கலாம். ஏன் தடை, எதுவரை தடை, யார் போட்டது... மூன்றுக்கும் பதில் கையிலேயே இருக்கு. அந்த நாட்களின் கூலிக்கு என்ன வழி என்பதற்குத்தான் தடை அறிவிப்பில் ஒரு வரியும் இருக்காது.

இந்த மூன்று கேள்விகளை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நாம் தினமும் கடக்கிற பெரும்பாலான ‘தடை’ பலகைகளிடம் இவற்றுக்குப் பதில் கிடைப்பதில்லை.

46 கிலோமீட்டர், எத்தனை மண்டலம்?

தருமபுரியில் இருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சுமார் 46 கி.மீ. பேருந்து நிலையத்தில் டீக்கடை ஓரம் நிற்கும்போதே நீங்கள் ‘புகைபிடிக்கக் கூடாத பகுதி’க்குள் இருக்கிறீர்கள். 2003-ம் ஆண்டு கோட்பா சட்டம், 2008 அக்டோபர் 2 முதல் கடுமையாக்கப்பட்ட விதிகள். பலகை குறைந்தது 60 செ.மீ.க்கு 30 செ.மீ. இருக்க வேண்டும் என்பது வரைக்கும் விதியில் எழுதியிருக்கு! மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை. பள்ளியைத் தாண்டினால் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கத் தடை. பைக்கில் தொங்குகிற பிளாஸ்டிக் பை 2019 ஜனவரி 1 முதலே மாநிலம் முழுக்கத் தடை. (இருந்தும் தொங்குகிறது என்பது வேற டாபிக்.)

மருத்துவமனை வாசலில் ‘அமைதி மண்டலம்’ என்ற பலகை. இங்கே ஒரு ட்விஸ்ட். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் 2017-ல் கொண்டுவந்த திருத்தம், மாநில அரசு தனியாக அறிவித்தால்தான் அது அமைதி மண்டலம் என்று மாற்றியது. பலகை மட்டும் இருந்தால் போதாது, அறிவிக்கை இருக்கணும்.

அருவியை ரீல்ஸ் எடுக்க டிரோன் பறக்கவிட ஆசையா? 2021 டிரோன் விதிகள் வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றாகப் பிரித்திருக்கின்றன. சிவப்பில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் பறக்கவே முடியாது. பச்சையில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி வேண்டாம். எந்த இடம் எந்த நிறம் என்பதை ‘டிஜிட்டல் ஸ்கை’ தளத்தில் வரைபடமாகவே பார்க்கலாம். காட்டுக்கு மேலே பறக்கவிட வனத்துறை அனுமதி தனி.

‘ஜோன்’ என்ற வார்த்தையை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்தது 2020. அந்த ஏப்ரல் கடைசியில் மத்திய சுகாதாரத் துறை மாவட்டங்களுக்கு நிறம் கொடுத்தது ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டிலேயே ஒரே ஒரு பச்சை மாவட்டம், கிருஷ்ணகிரி. ஒட்டியே இருக்கும் தருமபுரி ஆரஞ்சு. தகரம் அடித்த தெருவும், கயிறு கட்டிய கடையும் அப்போது யாருக்கும் விநோதமாகப் படவில்லை. வைரஸ் போனதும் தகரத்தைக் கழற்றிவிட்டார்கள். ‘இதுக்கு மேல வராதே’ என்று எழுதிவைக்கிற பழக்கம்தான் அபார்ட்மென்ட் கேட்டிலும் லிஃப்ட்டிலும் தங்கிவிட்டது. டெலிவரி ஊழியருக்குத் தனி லிஃப்ட் என்று ஒட்டியிருக்கும் தாளுக்குப் பின்னால் எந்தச் சட்டமும் கிடையாது, சங்கத்தின் தீர்மானம் மட்டும்தான்.

காட்டுக்குள் ஒரு கோடு

பென்னாகரம் தாண்டிக் காடு ஆரம்பிக்கும் இடத்தில் இருந்து விஷயம் சீரியஸ்.

காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் 2014-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 504.33 சதுர கி.மீ. 2022 நவம்பரில் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயம் வந்தது, 686.406 சதுர கி.மீ. இரண்டுமே கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகள். கூட்டிப் பார்த்தால் எட்டு வருஷத்தில் சுமார் 1,190 சதுர கி.மீ. காடு, ‘காப்புக்காடு’ என்ற நிலையில் இருந்து ‘சரணாலயம்’ என்ற இன்னும் கறாரான நிலைக்கு மாறியிருக்கு. யானைகள் மாநில எல்லை பார்க்காமல் நடக்கிற காடு இது. காவிரிக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் சரணாலயம். இடையில் பாதுகாப்பு இல்லாத துண்டுகள் இருக்கக் கூடாது என்ற காரணத்தில் நியாயம் இருக்கு. அதை மறுக்க முடியாது.

ஆனால் அறிவித்த பிறகு என்ன மாறும்? 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ம் பிரிவுப்படி அரசு ஊழியர், அனுமதி பெற்றவர், உள்ளே சொத்துரிமை உள்ளவர், பொதுச்சாலையில் கடந்து போகிறவர், இவர்களின் குடும்பத்தினர் மட்டுமே சரணாலயத்துக்குள் இருக்கலாம். பஸ்ஸில் ஒகேனக்கல் போகும் உங்களுக்குப் பிரச்னை இல்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு இருக்கு. மேய்ச்சலை முறைப்படுத்தவோ தடுக்கவோ 33-ம் பிரிவு தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அதிகாரம் தருகிறது. இந்தச் சட்டத்தை மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று போகலாம். பேருந்து நிலையத்துப் பீடிக்கு 200 ரூபாய் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

யார் இந்த மாட்டுக்காரர்கள்? ஒகேனக்கல் அருகே உள்ள ஆலம்பாடியின் பெயரில் ஒரு நாட்டு மாட்டினமே இருக்கு. காட்டோரத்தில் பட்டி போட்டு, பகலில் காட்டில் மேய்த்து வளர்த்த மாடு. தொழுவத்தில் தீவனம் வாங்கிப்போட்டு வளர்க்கும் கணக்குக்குள் வராத இனம். அது அருகிவிட்டது என்பதால் தமிழ்நாடு அரசு காரிமங்கலம் பக்கத்தில் ஆலம்பாடி மாட்டின ஆராய்ச்சி மையம் அமைத்தது. ஒரு துறை அந்த மாட்டைக் காப்பாற்ற மையம் கட்டுகிறது. இன்னொரு துறை அது மேய்ந்த காட்டைச் சுற்றிக் கோடு போடுகிறது. இரண்டு துறையும் ஒரே அரசுதான்.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் எல்லாக் காடுகளிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அதைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகத்துக்குள் மட்டும் தடை என்றது. எட்டே மாதத்தில் காவிரி தெற்கு சரணாலயம் வந்தது. அதாவது, நீதிமன்றம் கோட்டைச் சுருக்கியது. கோட்டுக்குள் வரும் காடு பெரிதானது.

‘எங்களைக் கேட்டீர்களா?’

சட்டத்தில் கேட்க ஏற்பாடு இருக்கு. 18-ம் பிரிவின் வழியாகச் சரணாலயம் அமைக்கும்போது, 21-ம் பிரிவுப்படி கலெக்டர் அந்த எல்லைக்குள்ளும் பக்கத்திலும் உள்ள ஒவ்வொரு ஊரிலும் வட்டார மொழியில் அறிவிப்பு வெளியிட வேண்டும். உரிமை கோருவோருக்கு 2 மாத அவகாசம் தர வேண்டும். ஆனால் ஏற்கெனவே காப்புக்காடாக இருக்கும் இடம் என்றால், 26ஏ பிரிவு இன்னொரு வழியைத் திறந்து வைத்திருக்கு. அரசு நேரடியாக அறிவிக்கை போட்டுவிடலாம். காரணம், காப்புக்காடு ஆக்கியபோதே மக்களின் உரிமைகள் பேசி முடிக்கப்பட்டுவிட்டன என்ற அனுமானம். நம் காப்புக்காடுகளின் வேர் எங்கே? 1882-ம் ஆண்டு மெட்ராஸ் வனச் சட்டத்தில். வெள்ளைக்கார அதிகாரி பேசி முடித்த கணக்கை இன்றைய பட்டிக்காரர் தலையில் கட்டுவதுதான் இந்த அனுமானம்.

இதைச் சரிசெய்ய வந்ததுதான் 2006 வன உரிமைச் சட்டம். மேய்ச்சலையும் அது உரிமையாக ஏற்கிறது. சரணாலயத்துக்கும் பொருந்தும். ஆனால் தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் 2008-ல் இருந்து 2016 வரை பட்டா வழங்கும் வேலை முடங்கிக் கிடந்தது. தவிர, பழங்குடி அல்லாத பட்டிக்காரர் என்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அந்தக் காட்டில் வாழ்ந்ததற்குச் சான்று காட்டணும். தாத்தா மாடு மேய்த்ததற்கு யார் ரசீது வைத்திருப்பார்கள்? பக்கத்து ஈரோடு மாவட்டத்தில் 2024 தொடக்கத்தில் தந்தை பெரியார் சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது பர்கூர் மலைமக்கள் எதிர்த்துக் குரல் எழுப்பியதும் இதே மேய்ச்சல் உரிமைக்காகத்தான்.

காட்டின் எல்லை, அங்கே யாருக்கு அதிகாரம் என்றெல்லாம் தருமபுரியில் பேசினால் வாச்சாத்தியைத் தாண்டிப் போக முடியாது. அரூர் பக்கம் சித்தேரி மலை அடிவாரத்து ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சேர்ந்து நுழைந்தார்கள். ஊரே சூறையாடப்பட்டது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருஷம். சரணாலய அறிவிப்பும் வாச்சாத்தியும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் ‘உள்ளே வராதே’ என்று வனத்துறை சொன்னால், இந்த மாவட்டத்தில் பல ஊர்களுக்கு அது சாதாரண அறிவிப்பாகக் காதில் விழாது.

சரி, பலகையை யாரிடம் கேட்பது?

திடீரெனப் போடப்படும் தடை உத்தரவுகளுக்கு, முன்பு 144 என்று நாம் சொன்னது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 163-ம் பிரிவு. சாதாரணமாக 2 மாதத்துக்கு மேல் நீடிக்க முடியாது. மாநில அரசு நினைத்தால் மேலும் 6 மாதம் வரை நீட்டிக்கலாம். பாதிக்கப்பட்டவர் அந்த உத்தரவை ரத்து செய்யக் கேட்கவும், நேரில் வாதாடவும் அதே பிரிவில் வழி இருக்கு. காஷ்மீர் இணைய முடக்கம் தொடர்பான வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதையொட்டியே: தடை உத்தரவுகளை வெளியிட வேண்டும், ஒரே தடையைத் திரும்பத் திரும்பப் போடுவது அதிகார துஷ்பிரயோகம்.

சரணாலயத்தைச் சுற்றி ‘சூழல் உணர்திறன் மண்டலம்’ வருவது தனிக்கதை. குறைந்தது 1 கி.மீ. கட்டாயம் என்று 2022 ஜூன் 3-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 ஏப்ரல் 26-ல் அதைத் தளர்த்தியது. இப்போது ஒவ்வொரு இடத்துக்கும் தனி வரைவு. வரைவு அரசிதழில் வந்தால் ஆட்சேபம் சொல்ல 60 நாள். டிரோன் வைத்திருப்பவருக்கு வானத்தின் எல்லை போனில் கலர் கலராகத் தெரிகிறது. மாடு வைத்திருப்பவர் தன் எல்லையைக் கண்டுபிடிக்க அரசிதழ் இணைப்பில் எல்லை விவரிப்பைப் பக்கம் பக்கமாகப் படிக்கணும்.

பலகைக்குப் பின்னால் அறிவிக்கை இருக்கா என்று தெரியவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. பதில் தர 30 நாள். ‘அரசாணை எண், தேதி, எந்தப் பிரிவு, எல்லை வரைபட நகல், எப்போது வரை’ என்று ஐந்தையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். மொத்தமாக ‘விவரம் தரவும்’ என்று எழுதினால் மொத்தமாக ‘பொருந்தாது’ என்று பதில் வரும்.