நோய் எந்த ஊர்க் கணக்கில்?

“வடக்கத்திப் பசங்களுக்கு நோய்நொடியே வர்றதில்ல சார், இரும்பு மாதிரி உடம்பு.” அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் வசிக்கிற நான் பல வருஷங்களாகக் கேட்டுவரும் பேச்சு இது. இதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆய்வு அட்டவணைகள் பல சமயம் இதையேதான் மரியாதையான மொழியில் சொல்கின்றன. ஆகவே இந்த ‘இரும்பு உடம்பு’ எப்படிக் கட்டமைக்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊரைவிட்டுக் கிளம்பும்போதே ஒரு வடிகட்டல் நடந்துவிடுகிறது. இரண்டு நாள் ரயிலில் வேலை தேடி வருகிறவன் பெரும்பாலும் இளைஞன், திடமானவன். முடியாதவன் ஊரிலேயே தங்கிவிடுகிறான். இரண்டாவது வடிகட்டல் இங்கே நடக்கிறது. உடம்பு கெட்டவன் ஊருக்குத் திரும்பிவிடுகிறான். பிறந்த ஆற்றுக்கே போய்ச் சாகிற சால்மன் மீனின் பெயரை மக்கள்தொகை ஆய்வாளர்கள் இந்தப் பிழைக்கு வைத்திருக்கிறார்கள். இருமல் வாங்கியது அம்பத்தூரில், சாவு பதிவாவது ஒடிசாவிலோ பீகாரிலோ. ஆலை இருக்கும் மாவட்டத்தில் நோயாளி இல்லை. நோயாளி இருக்கும் மாவட்டத்தில் ஆலை இல்லை. நோய்க்கும் காரணத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த ரயில் பாதையை எந்தப் பதிவேடும் எழுதுவதில்லை.

இதை உடைத்துக் காட்டிய ஒரு வழக்கு உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பகுதி ஆதிவாசிகள் குஜராத்தின் கோத்ரா பக்கம் கல் அரைக்கும் ஆலைகளுக்குப் போய், நுரையீரலில் சிலிக்கா தூசியோடு திரும்பி வந்து செத்தார்கள். ஆலை வாசலில் தேடியிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. ஊர் ஊராகப் போய் இறந்தவர்களைக் கணக்கெடுத்த பிறகே உண்மை தெரிந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் 238 சாவுகளுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஆய்வு எந்த முனையில் நின்று எண்ணுகிறது என்பது அரசியல் கேள்வி என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

வகைப்பாட்டுச் சொற்களையும் கவனியுங்கள். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டவர் வெகுகாலம் ‘தவறியவர்’ என்றே குறிக்கப்பட்டார். 2013இல் உலக சுகாதார நிறுவனம் அதை ‘தொடர்பு விட்டுப்போனவர்’ என்று மாற்றியது. கொஞ்சம் மேல்தான். ஆனால் தொடர்பை விட்டது யார்? கான்ட்ராக்ட் முடிந்து ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஷெட்டுக்கு மாற்றப்பட்டவனா, அவனைப் பின்தொடரத் தெரியாத ஏற்பாடா?

அகதிகள் விஷயத்தில் நிலைமை தலைகீழ். அங்கே எண்ணிக்கைக்குக் குறைவே இல்லை. 2021இல் தமிழக அரசு கொடுத்த கணக்குப்படி 108 முகாம்களில் சுமார் 58 ஆயிரம் ஈழத் தமிழர்கள், வெளிப்பதிவில் சுமார் 34 ஆயிரம். ஆனால் முகாமில் ‘செக்கிங்’ என்று சொல்லப்படுகிற தலைக்கணக்கு, ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதற்கானது. எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்கானதல்ல. நம்முடைய பூந்தமல்லியையே எடுத்துக்கொள்வோம். சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கிற பொது சுகாதார நிறுவனம் இருக்கிற இதே ஊரில்தான், அயல்நாட்டார் சட்டத்தின்கீழ் ஈழத் தமிழர்களை அடைத்துவைத்த ‘சிறப்பு முகாம்’ ஒன்றும் இருந்தது. நலத்துக்கான அறிவும் கண்காணிப்புக்கான அறிவும் ஒரே ஊரில் குடியிருந்திருக்கின்றன. ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. ஆனால் ஆச்சரியப்படாமல் இருப்பதோடு நம் வேலை முடிந்துவிடுமா? கேள்வித்தாளோடு வருகிறவரை போலீஸ் ஆளென்று நினைக்கிற ஒருவர் தன் தூக்கமின்மையைப் பற்றி என்ன சொல்வார்? “ஒண்டும் இல்லை, நல்லா இருக்கிறன்.” இதுவும் அட்டவணையில் ஆரோக்கியமாகவே பதிவாகும்.

உலகில் எட்டுப் பேரில் ஒருவர் இடம்பெயர்ந்தவர் என்று 2022இல் சொன்ன உலக சுகாதார நிறுவனம், 2023இல் இடம்பெயர்ந்தோர் நலனுக்கென்று ஓர் ஆய்வு நிரலையும் வெளியிட்டது. அதை நம் தெருவுக்குக் கொண்டுவந்தால் என்ன செய்யலாம்?

ஒன்று, ஆய்வு இரு முனைகளிலும் நடக்க வேண்டும்: ஆவடி அறையிலும், அவன் திரும்பிப் போகிற கிராமத்திலும். இரண்டு, பகலில் போய்ப் ‘பூட்டிய வீடு’ என்று எழுதிவிட்டு வரக்கூடாது. ஷிப்ட் முடிகிற நேரத்தில், மேஸ்திரி இல்லாத இடத்தில், ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசுகிறவர்கள் கேட்க வேண்டும். மூன்று, நோய்த் தகவல் காவல்துறைக்கோ காண்டிராக்டருக்கோ போகாது என்பதற்கு ஏற்பாடு வேண்டும், வாய்வார்த்தை போதாது. நான்கு, கேட்கிறவர்களே அவர்களாக இருக்க வேண்டும். 1984இல் அகதிகளே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்வாசிகளையே நலப் பணியாளர்களாகப் பயிற்றுவித்திருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

கடைசியாக, முடிவுகள் அவர்களிடமே அவர்கள் மொழியில் திரும்பிப் போக வேண்டும். இழப்பீடு கேட்பவனுக்குக் கையில் ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளைத் தராத ஆய்வு, எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், முதலாளியின் ‘இரும்பு உடம்பு’க் கதைக்கு ஒரு அடிக்குறிப்பாகத்தான் போய்ச் சேரும்.