ஒயின்ல பூச்சிமருந்து: தேடினாதான் கிடைக்கும்

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு: "திராட்சைக்கு அவ்ளோ மருந்து அடிக்கிறாங்களே, ஒயினா மாறும்போது அதெல்லாம் போயிடுமா?" ஓரளவு போகும். எது போகும், எது போகாதுங்கிறதுதான் விஷயமே.

திராட்சையை நசுக்கி நொதிக்க விட்டு, தோலையும் கொட்டையையும் பிரிச்சிடுவாங்க. ஈஸ்ட் வண்டலா அடியில படியும். தண்ணியில சரியா கரையாத மருந்துகள் பெரும்பாலும் இந்தத் தோல்லயும் வண்டல்லயும் ஒட்டிக்கிட்டு வெளியே போயிடும். அப்புறம் ஒயினைத் தெளிய வைக்க பெண்டோனைட்னு ஒரு களிமண் போடுவாங்க, அதுவும் சில மருந்துகளைக் கொஞ்சம் இழுக்கும். இன்னும் வேணும்னா ஆக்டிவேட்டட் கார்பன். நம்ம வீட்டு ஆர்ஓ மெஷின்ல இருக்கிற அதே கரிதான். நல்லாவே உறிஞ்சும், ஆனா மருந்து எது, மணம் எதுன்னு அதுக்குத் தெரியாது. நிறத்தையும் வாசனையையும் சேர்த்தே எடுத்துட்டுப் போயிடும்.

தண்ணியில சுலபமா கரையிற மருந்தா இருந்தா? அது சாறோடயே வந்துடும். கண்டுபிடிக்கிறதும் கஷ்டம். இது நம்ம நாட்டுலயே நடந்திருக்கு.

2010 சீசன்ல மகாராஷ்டிரா திராட்சை ஐரோப்பாவுக்குப் போய் மாட்டிக்கிச்சு. காரணம், க்ளோர்மெக்வாட் குளோரைடு, சுருக்கமா சிசிசி. இது பூச்சிமருந்துகூட இல்ல, வளர்ச்சிக் கட்டுப்படுத்தி. கவாத்து பண்ணின பிறகு கொடி கண்டபடி தழைக்காம, காய்ப்பிடிக்கணும்னு அடிக்கிறது. அப்போ ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். அதாவது ஒரு டன் திராட்சையில 50 மில்லிகிராம்.

இத்தனைக்கும், அதுக்குச் சில வருஷம் முன்னாடியே அபீடாவோட கிரேப்நெட் வந்தாச்சு. தோட்டத்தைப் பதிவு பண்ணி, அறுவடைக்கு முன்னாடி சாம்பிள் எடுத்து, லேப்ல பாஸானாதான் ஏற்றுமதி. அப்போ எப்படித் தப்பிச்சுது? பரிசோதிக்க வேண்டிய மருந்துகளோட லிஸ்ட்ல சிசிசியே இல்ல. விவசாயி கையில சுத்தமான ரிப்போர்ட், துறைமுகத்துல நிக்குற சரக்கு.

நம்ம வேலையில இது தினமும் பாக்குறதுதான். டெஸ்ட் எல்லாம் பச்சை, ப்ரொடக்‌ஷன்ல கிராஷ். எழுதாத டெஸ்ட் எப்பவுமே ஃபெயில் ஆகாது.

வழக்கமா ஒரே சாம்பிள்ல நூத்துக்கணக்கான மருந்துகளைத் தேட, பழக்கூழை எத்தில் அசிடேட் மாதிரி ஒரு கரைப்பான்ல குலுக்கி எடுப்பாங்க. சிசிசி மின்னேற்றம் உள்ள மூலக்கூறு. கரைப்பானுக்கு வராம தண்ணிப் பக்கமே நின்னுடும். அடுத்து இருக்கிற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எத்தனை கோடி ரூபா மெஷினா இருந்தாலும், உள்ள வராததை அது பாக்க முடியாது. அதுக்குன்னே தனியா, அமிலம் சேர்த்த மெத்தனால்ல எடுக்கிற முறை வேணும். 2010-க்கு அப்புறம் சிசிசியும் லிஸ்ட்ல ஏறிடுச்சு.

ஆனா தோட்டம் தோட்டமா பாக்குற இந்தக் கேட் ஏற்றுமதிக்குத்தான். காட்டுப்பாக்கத்துல தள்ளுவண்டியில நாம வாங்குற கம்பம் பன்னீர் திராட்சைக்கு (2023-ல புவிசார் குறியீடு வாங்கின அதேதான்) அப்படி ஒண்ணு கிடையாது. கழுவினா? மான்கோசெப் மாதிரி மேலேயே படிஞ்சிருக்கிற பூஞ்சைமருந்து ஓடுற தண்ணியில ஓரளவு போகும். அதனால கழுவுங்க. செடி உறிஞ்சி பழத்துக்குள்ள அனுப்பினதை உப்பும் எடுக்காது, மஞ்சளும் எடுக்காது.

அதனால இனிமே ஏதாவது ஒயின் பாட்டில்லயோ ஜூஸ் பாக்கெட்லயோ 'பூச்சிமருந்து எச்சம் இல்லை'ன்னு போட்டிருந்தா, கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: எத்தனை மருந்துக்குப் பாத்தீங்க, லிஸ்ட் எங்க?