மீன் குஞ்சு பிழைக்க வேண்டுமா? முதலில் அதன் வகையை அறியுங்கள்

கெடா மாநிலத்தின் தோட்டப்புறங்களிலும் சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் போன்ற பட்டணங்களிலும் வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்போர் உண்டு. ஒரு நாள் காலையில் தொட்டியில் சின்னஞ்சிறு குஞ்சுகள் தென்படும். பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். மூன்றே நாளில் ஒன்றுகூட மிஞ்சாது. நோய் வந்துவிட்டது என்று பெரியவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் காரணம் நோயன்று. பெரிய மீன்கள் தின்றிருக்கும், அல்லது பொருந்தாத தீனியால் குஞ்சுகள் பட்டினி கிடந்திருக்கும்.

குஞ்சு வயிற்றிலிருந்து வந்ததா, முட்டையிலிருந்து வந்ததா என்பதை முதலில் கண்டறிய வேண்டும்.

கப்பி, மோலி, பிளேட்டி ஆகியவை குட்டி போடும் மீன்கள். இவற்றின் குஞ்சு பிறந்த உடனே நேராக நீந்தும், செடிக்குள் ஒளியும். கப்பிக் குஞ்சின் நீளம் சுமார் 6 அல்லது 7 மில்லிமீட்டர். தாய் கப்பியின் வயிறு பருத்து, அடிவயிற்றின் பின்பகுதியில் உள்ள கரும்புள்ளி பெரிதானால் பிரசவம் நெருங்கிவிட்டது எனலாம். ஏறக்குறைய நான்கு வாரத்திற்கு ஒரு முறை அது குட்டி போடும். தாயே குட்டிகளைத் தின்றுவிடும் என்பதால் உடனே பிரித்துவிட வேண்டும். நன்கு பொடித்த மீன் தீனியை நாளுக்கு மூன்று, நான்கு வேளை சிறிது சிறிதாகக் கொடுத்தால் போதும்.

சண்டை மீனின் கதை வேறு. ஆண் மீன் நீரின் மேல் நுரைக் கூடு கட்டி முட்டைகளைக் காக்கும். ஓரிரு நாளில் பொரியும் குஞ்சுகள் நூல்போல வால் கீழே தொங்க இருக்கும். வயிற்றில் உள்ள மஞ்சள் கருவே அப்போது அவற்றின் உணவு. தீனி போட்டால் நீர்தான் கெடும். அவை படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கியதும் தந்தையை அகற்ற வேண்டும். பொடித் தீனியும் இவற்றின் வாய்க்குப் பெரிது. சாலட் இலையைச் சில நாள் நீரில் ஊறவைத்தால் பெருகும் நுண்ணுயிர்களே முதல் உணவு. ஒரு வாரத்திற்குப் பின் ஆர்ட்டிமியா குஞ்சுகளைக் கொடுக்கலாம்.

தங்க மீன் குஞ்சு முதலில் கருமை கலந்த நிறத்தில்தான் இருக்கும். வேறு மீன் என்று எண்ணி வீசிவிடக் கூடாது. பொன்னிறம் வரச் சில மாதங்கள் ஆகலாம்.

எவ்வகைக் குஞ்சானாலும் குழாய் நீரை அப்படியே ஊற்றக் கூடாது. குளோரின் நீக்கும் மருந்து சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும். நீர் இழுக்கும் குழாயின் வாயில் ஸ்பாஞ்ச் பொருத்தினால் குஞ்சுகள் உறிஞ்சப்படமாட்டா.

கப்பிக்கு ஒரு மாதம் ஆகும்போது ஆணின் அடித்துடுப்பு குச்சிபோல் நீளும். பெண்ணுக்கு விசிறிபோல் இருக்கும். அப்போதே இரண்டையும் பிரிக்காவிட்டால் தொட்டி நிரம்பி வழியும். ஒரு முறை சேர்ந்த பெண் கப்பி, ஆண் இல்லாமலே பல மாதம் குட்டி போடக்கூடியது.

மிஞ்சிய குஞ்சுகளைக் கால்வாயிலோ வயல் வாய்க்காலிலோ விடுவது தவறு. கப்பி தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. கெடாவின் நெல்வயல்களிலோ நம் நாட்டுச் சண்டை மீன் இயற்கையாக வாழ்கிறது. அதன் இடத்தையும் உணவையும் பறிக்காமல், மிஞ்சியவற்றை மீன் வளர்க்கும் நண்பர்களுக்கோ கடைக்கோ கொடுத்துவிடுவதே நல்லது.