உங்களுக்குத் தெரியுமா? கணினிப் பட்டமும் கடன் கணக்கும்

◆ திருகோணமலைப் பட்டினத்திலிருந்து நிலாவெளிக்குப் போகும் வழியில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே கணினி விஞ்ஞானம் படிக்கும் உள்வாரி மாணவர் கற்கைக் கட்டணம் கட்டுவதில்லை. 1945 இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா நடைமுறைக்குக் கொண்டுவந்த இலவசக் கல்வியின் பயன் அது. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரின் மகளும் இந்தப் பட்டத்தைக் கடனில்லாமல் எடுக்கலாம். மற்றக் கணக்குகளை எல்லாம் இதற்குப் பிறகுதான் போட வேண்டும்.

◆ கொழும்பு, யாழ்ப்பாணம், றுகுணு பல்கலைக்கழகங்களிலும் கணினி விஞ்ஞானத்துக்கு இடம் உண்டு. அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் போகிறது. அந்த 16 இல் திருகோணமலையும் ஒன்று. கொழும்பு மாவட்டத்தில் இடம் கிடைக்கப் போதாத அதே உயர்தர இசட் புள்ளி, திருகோணமலை மாவட்டத்து மூதூர்ப் பிள்ளைக்கு வாசலைத் திறக்கக்கூடும். வெட்டுப்புள்ளி வெளிவருமுன்னரே தனியார் நிறுவனத்துக்கு முற்பணம் கட்டிவிடும் பெற்றோரை நினைத்தால் மனம் கனக்கிறது.

◆ மகாபொலப் புலமைப்பரிசில் நிதியம் 1981 இல் லலித் அத்துலத்முதலி தொடங்கியது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதக் கொடுப்பனவு 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆனது. மகாபொல கிடைக்காதவர்களுக்கான உதவுதொகையும் 4,000 இலிருந்து 6,500 ஆக உயர்ந்தது. போடிங் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இது முழுதாகப் போதாது என்பது உண்மை. ஆனாலும் இது திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம்.

◆ அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு அரசின் வட்டியில்லாக் கல்விக் கடன் உண்டு. 2017 இல் தொடங்கியபோது கட்டணத்துக்கான உச்ச எல்லை 8 இலட்சம் ரூபா. வட்டியை அரசே ஏற்கிறது. 8 இலட்சத்தை 96 மாதங்களுக்குப் பிரித்தால் தவணை 8,333 ரூபா. ஆரம்பச் சம்பளத்திலேயே தாங்கக்கூடிய சுமை இது.

வங்கிக் கடனை இதே தராசில் வைத்துப் பாருங்கள். 12 இலட்சம் ரூபாவை 14 வீத வட்டியில் எடுத்து 5 ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் ஏறக்குறைய 27,900 ரூபா கட்ட வேண்டும். முடிவில் கொடுத்திருப்பது 16 இலட்சத்து 75 ஆயிரம். படிக்கும் நான்கு வருடமும் வட்டி ஏறிக்கொண்டிருந்தால் தொகை இன்னும் கூடும். “கம்பியூட்டர் படித்தால் நல்ல சம்பளம்” என்று சொல்பவர்கள் வேலையின் ஐந்தாம் வருடச் சம்பளத்தையே மனதில் வைத்துச் சொல்கிறார்கள். தவணையோ முதல் வருடத்திலேயே கதவைத் தட்டுகிறது.

◆ 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதத்தில் அது 360 ஐத் தொட்டது. வெளிநாட்டுப் பட்டத்துக்கான 10,000 டொலர் கட்டணம் 20 இலட்சத்திலிருந்து 36 இலட்சமாயிற்று, பிள்ளை ஒரு பாடம்கூடக் கூடுதலாகப் படிக்காமலே. அதே மாதங்களில் டொலரில் சம்பளம் வாங்கிய மென்பொருள் பொறியியலாளரின் ரூபா வருமானம் ஏறியது. கட்டணம் எந்த நாணயத்தில், சம்பளம் எந்த நாணயத்தில் என்று கேட்காமல் வெளிநாட்டுப் பட்டத்துக்குக் கையெழுத்து வைக்காதீர்கள்.

◆ இங்கிலாந்தில் 2023 ஓகஸ்டிலோ அதன் பின்னரோ பட்டப்படிப்பைத் தொடங்கியவர், ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டினால்தான் கடனைக் கட்டத் தொடங்குவார். அதுவும் தாண்டிய தொகையில் 9 வீதம் மட்டும். 40 ஆண்டுகளில் மீதி தள்ளுபடி. லண்டன் மாமா “கடன் எடுத்துப் படி, ஒன்றும் நடக்காது” என்று சொன்னால், அவர் சொல்வது அந்தக் கடனை. நம் ஊர் வங்கி, வேலை கிடைத்ததா என்று பார்த்துத் தவணை கேட்பதில்லை. தவறினால் பிணை நின்ற சித்தப்பாவுக்குத்தான் கடிதம் வரும்.

◆ அமெரிக்காவிலும் இந்தப் பட்டம் இப்போது உறுதிச்சீட்டு அல்ல. நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கி 2025 இல் வெளியிட்ட கணக்கில், அண்மையில் பட்டம் பெற்ற கணினி விஞ்ஞானப் பட்டதாரிகளில் 6.1 வீதத்தினருக்கு வேலையில்லை. கணினிப் பொறியியலில் அது 7.5 வீதம். வேலை கிடைத்தவர்களின் ஆரம்பச் சம்பளம் மற்றத் துறைகளைவிட உயர்வாகவே இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

◆ 2025 ஏப்ரலிலிருந்து இலங்கையில் மாதம் ஒன்றரை இலட்சம் ரூபா வரையான சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. கடன் அடைக்கும் இளைஞருக்கு இது கைகொடுக்கும்.

◆ கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 இல் தொடங்கிய பி.ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப இளமாணி) வெளிவாரிப் பட்டத்துக்கு வீட்டைவிட்டுப் போகத் தேவையில்லை. கிண்ணியாவில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். கட்டணமும் ஒரே அடியாகக் கேட்கப்படுவதில்லை. தனியே படிக்கும் ஒழுங்கு வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். அந்த இரண்டும் உள்ள பிள்ளைக்கு இதைவிட மலிவான வழி குறைவு.

உயர்தரப் பெறுபேறு வந்ததும் நகையை ஈடு வைக்க ஓடாதீர்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூல் தமிழிலும் வருகிறது. முதலில் அதைப் பிள்ளையோடு இருந்து படியுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதியைத் தவறவிடாதீர்கள்.