இருபது நொடி மேகம்

டீ கொதிக்கக் கொதிக்க இருக்கிறது, கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் அந்த டபராவைக் கவிழ்த்து, அதன் மேல் இந்தத் தட்டை வையுங்கள். மூன்று பிஸ்கட் போதும், மீதியை டப்பாவிலேயே போட்டுவிடுங்கள். ஒரு துண்டு கற்கண்டும் வேண்டும்.

நேற்று அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். இரண்டு பொம்மைகள் அடித்துக்கொள்கின்றன, ஒன்று மேடையை விட்டு வெளியே விழுகிறது, கீழிருந்து ஒரு சின்ன வெள்ளை மேகம் வந்து அதைத் தாங்குகிறது. உடனே அரங்கமே எழுந்து நின்று கத்துகிறது. ஒரு மேகத்துக்கா இத்தனை ஆரவாரம் என்றீர்கள். மேகத்துக்குத்தான்.

விளையாட்டின் பெயர் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலி. நின்டெண்டோ தன் கேம்கியூப் பெட்டிக்காக 2001 நவம்பரில் ஜப்பானில் வெளியிட்டது. உருவாக்கியது ஹால் லேபரட்டரி, இயக்கியவர் மசாஹிரோ சகுராய். அதற்கு முன் 1999-இல் நின்டெண்டோ 64-இல் ஒரு பாகம் வந்திருந்தது, இது இரண்டாவது. இன்றும் இதற்குப் போட்டிகள் நடக்கின்றன. வீடியோவில் ஆளுக்கொரு குண்டு டிவியைத் தூக்கி வந்திருந்தார்களே, அது பழைய பொருள் மீதுள்ள மோகமில்லை. பட்டனை அழுத்துவதற்கும் திரையில் அடி விழுவதற்கும் இடையில் தட்டை டிவிகளில் வரும் நூலிழைத் தாமதம்கூட இவர்களுக்கு ஆகாது.

சண்டை விளையாட்டு என்றால் உங்களுக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் மாதிரி ஒன்றுதான் நினைவுக்கு வரும். திரையின் மேலே ஆளுக்கொரு கோடு இருக்கும், அடி விழ விழ அது குறையும், தீர்ந்தால் ஆள் காலி. அங்கே தரை என்பது நிற்பதற்கு ஓர் இடம், அவ்வளவுதான். இங்கே அந்தக் கோடே கிடையாது. ஒரு சதவீதக் கணக்கு இருக்கிறது. பூஜ்யத்தில் தொடங்கி அடி வாங்க வாங்க ஏறும். ஏற ஏற, அடுத்த அடிக்கு ஆள் இன்னும் தூரம் பறப்பான். திரைக்கு வெளியே நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத எல்லை ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டினால்தான் ஒரு உயிர் போகும். 150 சதவீதம் வாங்கியவனும் எப்படியோ மேடைக்குத் திரும்பிவிட்டால் பிழைத்தான். 40 சதவீதத்தில் இருப்பவன் விளிம்பை எட்டிப் பிடிக்க முடியாமல் போனால் போனதுதான். அடிபட்டு யாரும் சாவதில்லை, கால் வைக்க இடம் கிடைக்காமல்தான் சாகிறார்கள்.

சுமோ பார்த்திருப்பீர்கள். 4.55 மீட்டர் வட்டம், அதை விட்டு வெளியே தள்ளினால் முடிந்தது. இதுவும் அந்த வழிதான், ஒரே ஒரு வித்தியாசத்தோடு: வெளியே தள்ளப்பட்டவன் அந்தரத்தில் இரண்டாவது தடவை எம்பி, தனக்கென்று உள்ள ஒரு வித்தையையும் காட்டி, திரும்பி வரப் பார்க்கலாம். திரும்ப விடாமல் தடுப்பது மற்றவன் வேலை. ஆட்டத்தின் பாதி அழகு இந்த வெற்றிடத்தில்தான் நடக்கிறது.

இப்போது தட்டுக்கு வருவோம். நீங்கள் பார்த்த மேடையின் பெயர் யோஷிஸ் ஸ்டோரி. 1997 கடைசியில் ஜப்பானில் வந்த அதே பெயருள்ள ஒரு விளையாட்டிலிருந்து எடுத்தது. அதில் ஒரு குட்டி வில்லன் மந்திரம் போட்டு ஒரு தீவையே படப் புத்தகமாக மாற்றிவிடுவான். அதனால்தான் மேடை அட்டையை வெட்டி ஒட்டினாற்போல் இருக்கிறது. பின்னணியைப் பார்த்தால் பால்வாடிச் சுவர் ஞாபகம் வரும். அங்கே நடப்பது என்னவோ கழுத்தறுப்புதான்.

இந்த மூன்று பிஸ்கட்டும் தட்டுக்கு மேலே அந்தரத்தில் மிதப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, நடுவில் உயரத்தில் ஒன்று. கீழிருந்து குதித்து ஊடுருவி மேலே ஏறி நிற்கலாம். தட்டின் இரண்டு ஓரமும் சரிவு. மேடை குறுகல், எல்லைகளும் நெருக்கம், கூரையும் தாழ்வு. விளையாட்டின் உள்கணக்கில் ட்ரீம் லேண்ட் என்ற மேடைக்குக் கூரை 250 அலகு உயரத்தில் இருக்கிறது, இங்கே 168. ஆகவே மேல்நோக்கி உதைத்தே கொல்லும் ஃபாக்ஸ் போன்றவனுக்கு இது சொந்த வீடு. மார்த் என்று ஒரு வாள்வீரன் இருக்கிறான். அவன் பிஸ்கட்டுக்குக் கீழே நின்றபடியே வாளை மேலே வீசி, மேலே நிற்பவனைக் குத்துவான். அவனுக்கும் இது பிடிக்கும். காற்றில் மிதந்து மிதந்து காலம் கடத்தும் ஜிக்லிபஃப் மாதிரி ஆட்கள் ட்ரீம் லேண்டைத்தான் கேட்பார்கள்.

இனி கற்கண்டு. இதுதான் மேகம். தட்டின் விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஒரு பக்கம் வெளியே வருகிறது, கொஞ்ச நேரம் தெரிகிறது, மேடையின் உடம்புக்குள் நுழைந்து மறைகிறது, மறுபக்கம் வெளியே வருகிறது, மறுபடி உள்ளே போகிறது. செக்குமாடு மாதிரி ஓயாமல் சுற்றும். விளையாடுகிறவர்கள் இதற்கு ராண்டல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். செல்லப் பெயர்தான், ஆனால் இன்று அதைச் சொன்னால்தான் யாருக்கும் புரியும்.

அது என்ன செய்யும் என்று பாருங்கள். மார்த் இடது பக்கம் வெளியே தள்ளப்பட்டுவிட்டான். அவனுடைய கடைசி வித்தை செங்குத்தாக மேலே எழும்பும் ஒரு வாள்வீச்சு. உயரம் கிடைக்கும், தூரம் கிடைக்காது. எழும்பி விளிம்பைத் தொற்றிக்கொண்டால் பிழைப்பான். ஆனால் இந்த விளையாட்டில் விளிம்பை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடியும். எதிரில் ஃபாக்ஸ் என்ன செய்வான்? அடிக்கவே மாட்டான். தானே போய் விளிம்பில் தொங்கிக்கொள்வான். பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பது போல. மார்த் எழும்புவான், பிடிக்க இடமிருக்காது, விழுந்து சாவான். மற்ற மேடைகளில் கதை இதோடு முடிந்தது. இங்கே அந்த நேரத்துக்கு மேகம் அந்தப் பக்கம் இருந்தால், விழுகிறவன் அதன் மேல் வந்து நிற்பான். எம்புவதற்கு உரிய தாவல்கள் எல்லாம் புதிதாகக் கிடைக்கும். விளிம்பில் தொங்கிக்கொண்டிருப்பவன்தான் இப்போது மாட்டிக்கொண்டவன்.

இதே மேகம் ஆளைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும். ஃபாக்ஸ் வெளியே இருக்கிறான் என்று வையுங்கள். ஒரு கணம் அந்தரத்தில் நின்று தீப்பிடித்து, குறிபார்த்த திசையில் பாய்ந்து வருவான். குறி விளிம்புக்கு. நடுவில் மேகம் வந்து காலில் தட்டுகிறது. விளிம்பைப் பிடிக்க வேண்டியவன் மேகத்தின் மேல் தொப்பென்று இறங்கி, சமாளித்து நிமிர்வதற்குள் மேலே நிற்பவன் ஓர் அடி கொடுத்து அனுப்பிவிடுவான்.

இதெல்லாம் அதிர்ஷ்டம்தானே என்பீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். இந்த மேகம் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எடுக்கும் நேரம் 20 நொடி. எப்போதும் 20, யார் ஆடினாலும் 20. போட்டியில் ஆட்டம் 8 நிமிடம், ஆளுக்கு 4 உயிர், திரையின் மேலே கடிகாரம் இறங்கிக்கொண்டே வரும். 60-ஐ 20-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 3. அதனால் ஒவ்வொரு நிமிடமும் மேகத்துக்கு ஒரே கால அட்டவணைதான். 5:47-க்கு அது வலது ஓரத்தில் இருந்ததைப் பார்த்தீர்கள் என்றால், 5:27-க்கும் அங்கேதான், 5:07-க்கும் அங்கேதான், 4:47-க்கும் அங்கேதான். நிமிடத்தைப் பார்க்கவே வேண்டாம். நொடியின் கடைசி இலக்கம் என்ன, பத்தாமிட இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா, இந்த இரண்டு தெரிந்தால் மேகம் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நன்றாக ஆடுகிறவர்கள் இதை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். வெளியே பறக்கும்போது ஒரு கண் எதிராளி மேல், ஒரு கண் கடிகாரத்தின் மேல். அரங்கம் கத்தியது மேகம் வந்ததற்கு என்றா நினைத்தீர்கள்? வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்ததற்கு.

மெலியில் மொத்தம் 29 மேடைகள். 2000-களின் தொடக்கத்தில் நடந்த போட்டிகளில் இவற்றில் பலவற்றில் ஆடினார்கள், பிறகு ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். ஆனெட்டில் தெருவில் கார் வந்து மோதும். பிரின்ஸ்டாரில் கீழிருந்து அமிலம் பொங்கும். கிரீன் கிரீன்ஸில் வெடிகுண்டுப் பெட்டிகள் விழும். ஹைரூல் கோயில் எல்லோருக்கும் பிடித்த பிரம்மாண்டமான மேடை, சிறுவயதில் இதை ஆடியவர்களிடம் கேளுங்கள், கண் கலங்குவார்கள். அங்கே வேறு வில்லங்கம். கொஞ்சம் முன்னிலை பெற்றவன், வேகமாக ஓடக்கூடியவனாகவும் இருந்தால், 8 நிமிடமும் வட்டமடித்து ஓடியே ஜெயித்துவிடலாம். இப்படிக் கழித்துக் கழித்துக் கடைசியில் பொதுவாகப் போட்டிகளில் நின்றது 6. பேட்டில்ஃபீல்ட், ஃபைனல் டெஸ்டினேஷன், ட்ரீம் லேண்ட், ஃபவுன்டன் ஆஃப் ட்ரீம்ஸ், போகேமான் ஸ்டேடியம், நம்முடைய யோஷிஸ் ஸ்டோரி.

காரைத் துரத்தியவர்கள் மேகத்தை விட்டுவைத்தது அது நேரம் தவறாததால் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எண்ணிக் கணக்கிட முடிந்ததைத் திறமையில் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த விளக்கம் முழுக்கப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதே மேடையில் முகமூடி போட்ட ஷை கை என்ற பயல்கள் அவ்வப்போது குறுக்கே பறந்து போவார்கள். எதிராளிக்கு விழவேண்டிய அடி குறுக்கே வந்த அவன் மேல் விழுந்துவிடும். இவர்களுக்கு அட்டவணை எதுவும் கிடையாது. போகேமான் ஸ்டேடியம் நடு ஆட்டத்தில் பாறையாக, நெருப்பாக, நீராக, புல்லாக உருமாறும், அடுத்தது எது என்று சொல்ல முடியாது. ஃபவுன்டனில் ஓரத்துப் பிஸ்கட்டுகள் ஏறி இறங்கும். கறாராகப் பார்த்தால் இவை எல்லாமே போயிருக்க வேண்டும்.

போனால் மிஞ்சுபவற்றில் ஒன்று ஃபைனல் டெஸ்டினேஷன். பிஸ்கட் இல்லாத வெறும் தட்டு. அதுதான் நியாயமான தரை என்று வெளியே ஒரு பேச்சு உண்டு, அதை வைத்து இணையத்தில் பழைய நையாண்டி ஒன்றுகூட ஓடுகிறது. ஆனால் அங்கே மார்த்திடம் ஃபாக்ஸ் மாட்டினால் பாருங்கள். பிடித்து மேலே எறிவான், விழும்போது மறுபடி பிடிப்பான், மறுபடி எறிவான். தப்பித்துப் போய் நிற்க ஒரு பிஸ்கட்கூட இல்லை. ஒன்றுமில்லாத தரையும் ஒருத்தன் பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. கிரிக்கெட் பார்க்கிற நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எல்லா ஊருக்கும் ஒரே பிட்ச் போட்டுவிட்டால் நியாயம் வந்துவிடுமா?

ஆகவே இவர்கள் வேறு வழி பிடித்தார்கள். முதல் ஆட்டத்துக்குப் பொதுவாக 5 மேடைகளை எடுத்துக்கொள்வார்கள். முதல் ஆள் ஒன்றை வேண்டாம் என்பார், அடுத்தவர் இரண்டை வேண்டாம் என்பார், மறுபடி முதல் ஆள் ஒன்றை. மிச்சமிருப்பதில் ஆட்டம். அதன்பின் தோற்றவர் கேட்கும் மேடை. ஒரு பொத்தானையும் தொடும் முன்பே ஆட்டத்தில் ஒரு பங்கு இந்தப் பேரத்தில் முடிந்துவிடுகிறது.

என் அக்கா மகன் கணினியில் இதை ஆடுவான். 2020-இலிருந்து வீட்டில் உட்கார்ந்தபடியே வெளியூர் ஆட்களோடு தடங்கலில்லாமல் ஆட வசதி வந்துவிட்டது. ஒருநாள் என்னையும் உட்கார வைத்தான். மூன்று ஆட்டம் தோற்று, நாலாவதில் எப்படியோ ஒரு நல்ல அடி அடித்தேன், பயல் வலது பக்கம் பறந்தான். எனக்கு விளிம்பு வித்தை அன்றுதான் தெரிந்திருந்தது. ஓடிப்போய்த் தொங்கிக்கொண்டேன். அவன் மேலே எழும்பவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டவன் மாதிரி நேராகக் கீழே விழுந்துகொண்டிருந்தான். பட்டன் மாற்றி அழுத்திவிட்டான் பாவம் என்று நினைத்து, பக்கத்திலிருந்த டீயை எடுக்கக் கையை நீட்டினேன்.

“மாமா, மணி பாத்தீங்களா?” என்றான்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.