சி.டி. டிரைவ் தெரியவில்லையா? புதிது வாங்கும் முன்...

ஏனாத்தூரில் மளிகைக் கடை வைத்திருந்தாலும், காஞ்சியில் மொத்த வியாபாரம் செய்தாலும், பழைய கணக்குகளைச் சி.டி.யில் பதிந்து வைத்திருக்கும் வணிகர்கள் நம்மில் உண்டு. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்வதற்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். தேவைப்படும் நேரத்தில் கணினி "சி.டி. டிரைவே இல்லை" என்றால் என்ன செய்வது?

உரிமக் கட்டணம் இல்லை என்பதற்காகப் பழைய கணினியில் லினக்ஸ் போட்டிருப்போருக்கு இந்தத் தொல்லை வரலாம். டிரைவ் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

காரணம் இதுதான். 2006-இல் வந்த இன்டெல் 965 வகை போர்டுகளில், பழைய ஐ.டி.இ. இணைப்பை இன்டெல் தன் சிப்பிலிருந்து நீக்கிவிட்டது. போர்டு தயாரிப்பாளர்கள் பலர் அந்த இணைப்புக்காக ஜேமைக்ரான் என்ற வேறு சிப்பைப் பொருத்தினர். அதை இயக்கும் 'டிரைவர்' என்ற மென்பொருள் அன்றைய பழைய லினக்ஸ் கெர்னல்களில் இல்லை. புதிய ஐ.டி.இ. டிரைவர்களின் தொகுப்பு 2006 நவம்பரில் வெளிவந்த 2.6.19 கெர்னலில்தான் சேர்ந்தது.

இதனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. லினக்ஸ் சி.டி.யிலிருந்தே கணினி துவங்கும், பாதி வழியில் "சி.டி. டிரைவைக் காணோம்" என்று நின்றுவிடும். துவக்கத்தில் சி.டி.யைப் படிப்பது போர்டிலுள்ள பயாஸ். பின்னர் கெர்னல் பொறுப்பேற்றதும், அதற்குச் சொந்த டிரைவர் வேண்டும். கடைக்குப் புதிதாக வந்த கணக்கப்பிள்ளைக்குப் பழைய வாடிக்கையாளரைத் தெரியாதது போலத்தான்.

சோதிக்கும் முறை:

1. கணினியை அணைத்து, டிரைவின் மின் ஒயரும் டேட்டா கேபிளும் இறுகி இருக்கின்றனவா என்று பாருங்கள்.

2. பயாஸ் திரையில் டிரைவின் பெயர் தெரிகிறதா? தெரிந்தால், பெரும்பாலும் டிரைவ் நன்றாகவே இருக்கிறது. சந்தேகம் மென்பொருள் மீதுதான்.

3. கெர்னல் எண்ணைப் பழுது பார்ப்பவரிடம் கேளுங்கள். 2.6.19-க்கு முந்தையது என்றால் புதியதாக்கச் சொல்லுங்கள்.

4. அவசரமென்றால் யு.எஸ்.பி. வழி இணைக்கும் வெளி டிரைவைப் பொருத்திப் பாருங்கள். அதற்கு வேறு டிரைவர் என்பதால் பெரும்பாலும் வேலை செய்யும்.

கெர்னலை மாற்றும் முன் நடப்புக் கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். பழைய கெர்னலையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். புதியது ஒத்துவராவிட்டால் துவக்கப் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுக்கலாம்.

இன்னொன்று. பழைய முறையில் 'எச்.டி.சி' போன்ற பெயரில் இருந்த டிரைவ், புதிய முறையில் 'எஸ்.ஆர்.0' என்று மாறிவிடும். தானாகக் கணக்கை நகலெடுக்கும் ஏற்பாடு பழைய பெயரையே தேடி ஏமாறும். அதையும் திருத்தச் சொல்லுங்கள்.

சி.டி.யும் காலப்போக்கில் பழுதாகக்கூடியதே. டிரைவ் தெரிந்த அன்றே பழைய கணக்குகளை இரண்டு இடங்களில் நகலெடுத்து வைக்குமாறு வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.