தொட்டாலும் நிற்காத கம்பி

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் நிலை அலைகள் பாடத்தை நடத்தும்போது கணு, எதிர்க்கணு, சீரிசை ஆகிய சொற்களை மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால், "அதிரும் கம்பியை நடுவில் தொட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டால், "சத்தம் நின்றுவிடும் சார்" என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். படத்தை அழகாக வரைந்து மதிப்பெண் வாங்கியவரும் அப்படியே சொல்வார். இந்த இடத்தில் சுரமானியைவிட ராக் இசைக் கிட்டார் எனக்கு நன்றாக உதவுகிறது.

கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பி வழக்கமாக 82.4 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். ராக் கலைஞர்கள் பலர் முறுக்காணியைத் தளர்த்தி அதை 73.4 ஹெர்ட்ஸுக்கு இறக்கிக்கொள்வார்கள். இதற்கு 'டிராப் டி' என்று பெயர். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்த்தகவில் இருப்பதால், அதிர்வெண் 11 விழுக்காடு குறைய இழுவிசை ஏறத்தாழ 21 விழுக்காடு குறைய வேண்டும். நல்ல கணக்கு இது, வினாத்தாளிலும் வைக்கலாம்.

இப்போது தடித்த மூன்று கம்பிகளும் 73.4, 110, 146.8 ஹெர்ட்ஸில் நிற்கின்றன. அதாவது 2:3:4. ஒரே விரலை மூன்றின் மீதும் படுக்கவைத்து எந்த ஃப்ரெட்டில் அழுத்தினாலும் இதே விகிதம் கிடைக்கும். ரிஃப் எனப்படும், திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடரை வேகமாக வாசிக்க இது வசதி. லெட் செப்பலின் குழுவின் 'மோபி டிக்' (1969) இந்தச் சுருதியில் அமைந்தது. பாட்டு வரிகளே இல்லாததால் வகுப்பில் தயங்காமல் ஒலிக்கவிடலாம்.

இனி சீரிசை. ஆறாவது கம்பியைத் திறந்தபடி இரண்டு முறை மீட்டச் சொல்லுங்கள். பிறகு 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரல் நுனியால் கம்பியை அழுத்தாமல் தொட்டு, மீட்டியவுடன் விரலை எடுக்க வேண்டும். சத்தம் நிற்காது, மணி போல 146.8 ஹெர்ட்ஸ் எழும். நான்காவது கம்பியைத் தனியே மீட்டினால் வரும் ஒலியும் அதுவே. இரண்டும் ஒத்துவந்தால் சுருதி சரி என்று பொருள். 7ஆம் ஃப்ரெட்டில் தொட்டால் மூன்று மடங்கு, 5ஆம் ஃப்ரெட்டில் நான்கு மடங்கு. கனத்த அடி ஒலியையும் இந்த மணியோசைகளையும் மாற்றி மாற்றி வைத்தால் ரிஃப் தயார். விரல் பட்ட இடம் கணு என்பதால் அங்கே கணு உள்ள அதிர்வுகள் பிழைக்கின்றன, மற்றவை அடங்குகின்றன. இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அதிரும் நீளம் 65 செ.மீ. உள்ள கிட்டாரில் ஐந்தாம் சீரிசைக்கு நுனியிலிருந்து 13 செ.மீ. தொலைவில் தொட வேண்டும். 4ஆம் ஃப்ரெட்டோ 13.4 செ.மீ.யில் இருக்கிறது. அதனால் ஃப்ரெட்டின் மேலேயே தொட்டால் ஒலி மங்கிவிடும். காரணத்தை நான் சொல்வதில்லை, அளவுகோலைக் கொடுத்துவிடுவேன்.